உயர்பதவிக்கு ஆள்தேடும் நிறுவனங்கள்: நூலகத்தில் அறிவது எப்படி?

2023ஆம் ஆண்டு நவராத்திரி சமயம். சங்கத்து நண்பர் ஒருவர் கையில் ஒரு வழவழப்பான கையேட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். வயது நாற்பத்தொன்பது. குருகிராமில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவின் மேலாளராக இருந்தவர். அந்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தபோது ஒரே பதவிக்கு இருவர் ஆனார்கள். இவர் வெளியே வந்தார். ஏழு மாதமாக வேலை இல்லை. வீட்டுக் கடன் தவணை ஒருபுறம், மகளின் கல்லூரிக் கட்டணம் மறுபுறம்.

கையேட்டைக் கொடுத்தது, "உயர் நிர்வாகிகளுக்கான தேடல் நிறுவனம்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் அலுவலகம். இருபது ஆண்டு அனுபவம் என்று அதில் அச்சிட்டிருந்தது. பதிவுக் கட்டணமாகப் பதினைந்தாயிரம் ரூபாயை நண்பர் முன்பே கட்டிவிட்டார். இன்னும் எழுபதாயிரம் கட்டினால் பெரிய நிறுவனங்களின் தலைவர்களிடம் நேரடியாக அறிமுகம் செய்வார்களாம்.

"சார், வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டட்டுமா?" என்றார்.

"இன்றைக்குச் செவ்வாய்தானே? மூன்று நாள் இருக்கிறது. நாளைக் காலை நூலகத்துக்குப் போவோம், வாருங்கள்" என்றேன். நூலகப் பணியிலேயே காலம் கழித்தவனுக்கு வேறு வைத்தியம் தெரியாது.

அந்த மூன்று நாளில் நாங்கள் செய்ததையே இங்கு பாடமாக எழுதுகிறேன். தில்லியில் உள்ள நம்மவர்களுக்கு மட்டுமின்றி, எந்தப் பெருநகரில் வேலை தேடுவோருக்கும் இது பயன்படும்.

முதலில் சொல்லின் பொருள்

எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அலமாரி முன் நின்று பயனில்லை. வேலைக்கு ஆள் பிடித்துத் தருவோரில் மூன்று வகை உண்டு. முதல் வகை, கீழ்நிலை, இடைநிலைப் பணிகளுக்குப் பலரை ஒருசேர அனுப்பும் வேலைவாய்ப்பு முகமைகள். இரண்டாம் வகை, ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டும் கட்டணம் பெறும் ஆள்தேர்வு ஆலோசகர்கள். மூன்றாம் வகைதான் "எக்ஸிக்யூடிவ் சர்ச்" எனப்படும் உயர்பதவித் தேடல் நிறுவனம். இதைப் பேச்சுவழக்கில் "ஹெட் ஹன்டர்" என்பார்கள். ஒரு பதவிக்கு ஒரே நிறுவனத்தை அமர்த்தி, தேடலின் தொடக்கத்திலிருந்தே தவணையாகக் கட்டணம் தருவது இதன் வழக்கம். அந்தப் பதவியின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது உலக அளவில் நெடுங்காலமாக உள்ள கணக்கு.

இந்தக் கட்டணத்தைக் கொடுப்பவர் யார்? ஆள் தேவைப்படும் நிறுவனம். வேலை தேடுபவர் அல்ல. தேடல் நிறுவனம் வேலைக்கு ஆள் தேடுகிறதே தவிர, ஆளுக்கு வேலை தேடுவதில்லை. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இத்தொழில் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகமாக வளர்ந்தது. ஹைட்ரிக் அண்ட் ஸ்ட்ரகிள்ஸ் 1953லும், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் 1956லும் சிகாகோவில் தொடங்கின. ஈகான் செண்டர் 1964ல் ஜூரிக்கிலும், கோர்ன் ஃபெரி 1969ல் லாஸ் ஏஞ்சலிஸிலும், ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் அதே ஆண்டில் நியூயார்க்கிலும் பிறந்தன. இந்த ஐந்துக்கும் இன்று இந்தியாவில் அலுவலகங்கள் உண்டு. நம் நாட்டிலேயே பிறந்தவற்றில் ஏ.பி.சி. கன்சல்டன்ட்ஸ் 1969 முதல் இயங்கி வருகிறது. 1991ல் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் இத்தொழில் தில்லி, மும்பை, பெங்களூர் எனப் பரவியது.

நூலகத்தில் எந்த அலமாரி?

புதன்கிழமை காலை, பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தில்லி பொது நூலகத்துக்குப் போனோம். யுனெஸ்கோ உதவியுடன் அமைந்து 1951ல் பண்டித நேரு திறந்து வைத்த நூலகம் அது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று.

டூயி தசாம்ச வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 650.14 வேலை தேடும் கலை பற்றியது. 658.311 ஆள்தேர்வு பற்றியது. 658.407 உயர் நிர்வாகிகளைத் தேர்ந்து நடத்துவது பற்றியது. 331.128 வேலைவாய்ப்பு முகமைகள் பற்றியது. வேலை தேடி வருபவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுவார்கள். மற்ற மூன்றும் மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படி நினைக்கிறார் என்று சொல்பவை. நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு நூல்களை இங்கு குறிப்பிடலாம். ராகேஷ் குரானா 2002ல் வெளியிட்ட "சர்ச்சிங் ஃபார் எ கார்ப்பரேட் சேவியர்", பெரு நிறுவனங்கள் தலைமை அதிகாரியை வெளியிலிருந்து கொண்டுவரும்போது தேடல் நிறுவனத்தின் பங்கு என்ன என்று ஆராய்கிறது. ஃபின்லே, கவர்டில் இருவரும் அதே ஆண்டில் எழுதிய "ஹெட்ஹன்டர்ஸ்", மேலே சொன்ன இரண்டாம் வகையினரின் அன்றாட வேலையைக் கூடவே இருந்து பார்த்து எழுதியது.

அலமாரியில் நூல் கிடைக்காவிட்டால் திரும்பிவிடாதீர்கள். உதவி மேசையில் கேளுங்கள். சீர்காழியில் பிறந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. நம் ஊர்க்காரர் வகுத்த விதியை நாம் பயன்படுத்தாமல் இருக்கலாமா? ஆனால், "ஹெட் ஹன்டர் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல், "தில்லியில் நிதித்துறைப் பதவிகளுக்கு ஆள்தேடும் நிறுவனங்களின் பெயர் வேண்டும்" என்று கேளுங்கள். கேள்வி கூர்மையாக இருந்தால் விடையும் அப்படியே வரும்.

விவரத்திரட்டுகளைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அமெரிக்காவில் கென்னடி பதிப்பகம் வெளியிட்டு வந்த, சிவப்பு நூல் என்று பெயர் பெற்ற திரட்டு, முன்பணம் பெறும் நிறுவனங்களைத் தனியாகவும், ஆள் சேர்ந்தபின் கட்டணம் பெறுவோரைத் தனியாகவும் பிரித்துக் காட்டியது. பதவி, தொழில், ஊர் என்று மூன்று அட்டவணைகளும் அதில் இருந்தன. நம் பட்டியலையும் அப்படியே அமைத்துக்கொள்ளலாம். 1959ல் தோன்றிய ஏ.ஈ.எஸ்.சி. என்ற உலகச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய செய்தித்தாள் சொல்லும் சாட்சி

கையேட்டில் யாரும் எதையும் அச்சிடலாம். பத்து ஆண்டுக்கு முன் வெளிவந்த செய்தித்தாளை இன்று யாரும் மாற்ற முடியாது. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் விண்ணப்பம் அனுப்ப வேண்டிய ஆலோசகர் பெயர் இருக்கும். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் "அசென்ட்" போன்ற இணைப்புகளின் பழைய இதழ்களைப் புரட்டினால், எந்த ஆலோசகர் எந்தத் தொழிலுக்கு, எந்த நிலைப் பதவிக்கு ஆள் தேடினார் என்று தெரிந்துவிடும். தீன்மூர்த்தி வளாகத்தில், 2023ல் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் எனப் பெயர் மாறிய நூலகத்தில் செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்கள் உள்ளன. அங்கும், பல்கலைக்கழக நூலகங்களிலும் அனுமதி முறையை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஆனால் மிக உயர்ந்த பதவிகளுக்கு விளம்பரமே வராது. அங்கே ஆண்டறிக்கைகள் உதவும். பிரிட்டனின் நிறுவன நிர்வாக நெறிமுறைப்படி, இயக்குநர் தேடலுக்கு வெளி நிறுவனத்தை அமர்த்தினால் அதன் பெயரை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். லண்டன் பங்குச்சந்தை நிறுவனங்கள் சிலவற்றின் அறிக்கைகளைப் பார்த்தாலே உண்மையில் தொழில் செய்வோர் யார் என்று புலப்படும். நம் நாட்டிலும் செபி விதிகள், சுயேச்சை இயக்குநரைத் தேட வெளி முகமையின் உதவியைப் பெறலாம் என்று நியமனக் குழுவுக்கு இடம் தந்துள்ளன.

பதிவேட்டைப் படித்தல்

வியாழக்கிழமை நண்பரின் கையேட்டை எடுத்து வைத்தோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, ஒரு கம்பெனி தன் கடிதத்தாளில் பதிவு அலுவலக முகவரியையும் சி.ஐ.என். என்ற அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும். கையேட்டில் அது இல்லை. ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

அந்த எண்ணுக்கு 21 இடங்கள். முதல் எழுத்து, பங்குச்சந்தையில் உள்ளதா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் குறியீடு. பின் இரண்டு எழுத்துகள் மாநிலம். அதன்பின் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. பிறகு கம்பெனியின் வகையைக் காட்டும் மூன்று எழுத்துகள். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த எண்ணை இட்டால் பதிவுத் தேதி, முகவரி, மூலதனம், கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த விவரம் ஆகியவை வரும்.

நண்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக எண்ணினார். பதிவான ஆண்டு 2022. இருபது ஆண்டு அனுபவம் உள்ள நிறுவனத்துக்கு வயது ஒன்றுதான்! தொழில் குறியீடோ மொத்த வியாபாரத்துக்கு உரியது. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் வேலைவாய்ப்புப் பணிகள் 78ஆம் பிரிவில் வருகின்றன. அதற்கு முந்தைய வகைப்பாட்டில் 74ன் கீழ் வந்தன. குறியீடு ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. சில நல்ல நிறுவனங்கள் தொழிலை மாற்றிக்கொண்டிருக்கலாம். சில தனியார் கம்பெனியாகவே பதிவாகாமல் இருக்கலாம். ஆனால் ஆண்டு பொய், குறியீடு வேறு, கட்டணம் வேலை தேடுபவரிடம் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன பொருள்?

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பதினைந்தாயிரம் போனது போகட்டும் சார், எழுபதாயிரம் மிஞ்சியது" என்றார். அந்தப் பதினைந்தாயிரம் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற வேண்டும் என்கிறது. பதிவு பெற்றவர் பட்டியலை வெளியுறவு அமைச்சகத்தின் "இ-மைக்ரேட்" தளத்தில் பார்க்கலாம்.

நம் கையால் ஒரு பட்டியல்

வெள்ளிக்கிழமை, பணம் கட்ட வேண்டிய அதே நாளில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு நிறுவனங்களின் பட்டியலை முடித்தோம். பக்கத்துக்கு ஒரு நிறுவனம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து தலைப்புகள்: பதிவான ஆண்டு, எந்தத் தொழில்களில் தேடுகிறது, எந்த நிலைப் பதவி, கட்டணம் யாரிடம், இந்த விவரம் எங்கே எந்தத் தேதியில் கிடைத்தது. கடைசித் தலைப்பை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எதை நம்பலாம் என்று அதுதான் சொல்லும்.

பட்டியலில் ஒன்றிரண்டு பெயர் போதாது. தேடல் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் வேலை செய்பவரைக் குறிப்பிட்ட காலம் வரை வேறு இடத்துக்கு இழுப்பதில்லை என்பது இத்தொழிலின் ஒழுக்கம். நீங்கள் இருக்கும் கம்பெனி ஒருவருக்கு வாடிக்கையாளர் என்றால், அவர் உங்களை எவ்வளவு மதித்தாலும் அழைக்க மாட்டார். ஆகவே பலரையும் அறிந்து வைக்க வேண்டும்.

நண்பர் ஒன்பது நிறுவனங்களுக்கு எழுதினார். வேலை கேட்டு இரண்டு பக்கம் புலம்பாமல், என்ன செய்திருக்கிறேன், எந்தத் தொழிலில், எவ்வளவு பெரிய கணக்கை நிர்வகித்தேன் என்று ஒரே பக்கம். மூன்று பதில்கள் வந்தன. வேலை எதுவும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். இவருக்கு வேலை தர அல்ல. ஒரு பதவிக்குத் தகுந்தவர் யாராவது தெரியுமா என்று கேட்க. மனம் சுருங்கினாலும் இவர் நேர்மையாக இரண்டு பெயர்களைச் சொன்னார். தேடல் நிறுவனங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. நல்ல பெயரைச் சொல்பவரையும் குறித்து வைத்துக்கொள்கின்றன. 2024 மார்ச்சில் அதே அம்மையார் மீண்டும் அழைத்தார். இம்முறை இவருக்காகவே. இன்று ஃபரிதாபாதில் ஒரு தொழிற்சாலையில் நிதி மேலாளராக இருக்கிறார். சம்பளம் முன்னதைவிடச் சற்றுக் குறைவு. தவணை தவறாமல் போகிறது.

ஆள் தேர்வது எவ்வளவு கடினம் என்பதால்தான் வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளைத் தேர்பவருக்கு அவர் சொன்னது, அந்தத் தேர்வாளரை நம்பிப் போகும் நமக்கும் பொருந்தும். நம்புவதற்கு முன் ஆராய வேண்டும். அதற்கு நூலகத்தில் ஒரு நாற்காலியும், நோட்டுப் புத்தகம் ஒன்றும், மூன்று நாள் பொறுமையும் போதும்.

அந்த நோட்டை நண்பர் என்னிடமே கொடுத்துவிட்டார். தேவைப்படும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்தில் என்னைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பழைய விவரங்களைச் சரிபார்த்துப் புதிதாக ஒரு பக்கமாவது எழுதிச் சேர்த்தால் அடுத்தவருக்கு உதவும்.