துணி டாப் ஒழுகுகிறதா? கத்திரிக்கோலை அப்புறம் எடுங்கள்

ராஜபாளையத்தைச் சுற்றி மெஷின் மிதிக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. தளவாய்புரத்து நைட்டித் தையல் ஒன்றே அதற்குச் சாட்சி. அந்தக் கைப்பழக்கத்தோடு வன்னியம்பட்டி போன்ற ஊரில் இருக்கும் இளைஞருக்கு, வீட்டு முற்றத்திலேயே தொடங்கக்கூடிய இன்னொரு வேலையைச் சொல்கிறேன். ஜீப், தார் வண்டிகளின் துணி டாப்பைக் கழற்றி, ஒழுகலை அடைத்து, திரும்ப மாட்டித் தருவது.

வண்டிக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்துப் பழைய ஜீப்புகள் மலையடிவாரத் தோப்புகளுக்கு இன்னும் போய்வருகின்றன. 2010-இல் அதே நிறுவனத்தின் தார் வந்தது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி விற்பனைக்கு வந்த புதிய தாரிலும், மடக்கித் திறக்கும் துணி டாப் வகை இருந்தது. தேனியைத் தாண்டிப் போனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள். இவை எதுவும் இல்லாத நாளில் ஆட்டோ இருக்கிறது. அதுவும் கம்பிமேல் இழுத்துக் கட்டிய ரெக்ஸின்தானே. என் கருத்தில் ஆட்டோ டாப்தான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம். ஒரு குஷன் கடையில் கூடமாட நின்று ஆட்டோ டாப் இழுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு ஜீப்பில் கை வையுங்கள்.

இந்த வேலையில் பேர் வாங்குவதும் கெடுவதும் ஒரே இடத்தில்தான்: தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. ஒழுகுகிறது என்றதும் புது டாப்புக்கு அளவெடுப்பவர் பாதி நேரம் நல்ல துணியைத் தூக்கிப் போடுகிறார். துணி பிசிறில்லாமல் இருக்கும். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலே டாப் செருகும் பள்ளத்திலோ, கதவின் மேல் மூலையில் இறுகிப்போன பீடிங் ரப்பரிலோ கோளாறு இருக்கும். தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கம்பி வழியே ஓடி, ஒரு முழம் தள்ளிச் சொட்டும்.

அதனால் முதலில் உள்பக்கம் முழுக்கத் துடைத்துக் காயவைத்து, தையல் ஓரங்களிலும் ரப்பர் ஓரங்களிலும் முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இருப்பவர் டியூப் தண்ணீரைப் பீய்ச்சாமல், மெதுவாக வழியவிட வேண்டும். கீழிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புலப்படாது. பவுடரில் ஈரக்கோடு விழும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். சாவகாசமாகச் செய்யவேண்டிய வேலை இது. இதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு நாடாவும் எந்தத் துளையில் இருந்தது என்பது உட்பட. வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த ரெக்ஸின் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், சூடேறினால் இளகும். பக்கத் திரைகள், பின்திரை, பட்டைகள் என்று வந்து, முன்விளிம்பைக் கடைசியில் எடுங்கள். பிரஸ் பட்டனைத் துணியைப் பிடித்து இழுத்தால் பட்டன் சட்டத்தில் நிற்கும், துணி கையோடு வரும். தட்டையான முனையை அடியில் கொடுத்து நெம்புங்கள். துருப்பிடித்த திருகில் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பிளாஸ்டிக் ஜன்னலை ஒருபோதும் மடிக்கக்கூடாது. பழைய வேட்டி ஒன்றை இடையில் வைத்துச் சுருட்டி வையுங்கள். டாப் இறங்கிய கையோடு கம்பிகளைப் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்துக் காயவிட்டால்தான் அடைத்த துணி மறுபடி அறுபடாது.

இனி அடைப்பு. ரெக்ஸினுக்குப் பருத்தி நூல் ஆகாது. ஈரம் குடித்து மக்கும். கனமான பாலியஸ்டர் நூல் வெயிலையும் தாங்கும். தையல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். நெருக்கிக் குத்தினால் பலம் என்று நினைப்பது தவறு. துளைகள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். முடிந்தவரை பழைய துளைகளிலேயே ஊசியை இறக்குங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில், ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதுபோல, மேல்துண்டின் விளிம்பு கீழ்நோக்கி இருக்கவேண்டும். தைத்து முடித்ததும் உள்பக்கம் தையலின்மேல் சீலிங் டேப் ஒட்டுங்கள். கேன்வாஸ் என்றால் கதை வேறு. பருத்தி இழை நனைந்ததும் உப்பித் தன் துளையைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். அதற்குத் தையலைவிடத் தண்ணீர் தடுக்கும் மேல்பூச்சு முக்கியம்.

பசை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் டியூபில் வினிகர் வாடை அடித்தால் அதை வண்டியில் போடாதீர்கள். அதிலிருந்து வெளியாகும் அமிலம் தகட்டைத் துருவேற்றும். துணியில் சிலிக்கான் ஒருமுறை பட்டுவிட்டால் அதன்மேல் அப்புறம் வேறு பசை ஒட்டாது. தகட்டு இடுக்குக்கு பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். ரப்பர் ஒட்ட எஸ்ஆர் 998 போன்ற பசை போதும்: இரு பக்கமும் மெலிதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தவேண்டும். ஆனால் டாப்பின் முன்விளிம்பைப் பசையை மட்டும் நம்பி விடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகும். தையலோ ரிவெட்டோ கூட இருக்கவேண்டும். இந்தப் பசைகளின் ஆவி தீப்பிடிக்கும், தலை சுற்றவைக்கும். அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும் மூடிய அறையிலும் திறக்கவே கூடாது.

மாட்டும்போது டாப்பை விரித்து வெயிலில் சூடேற்றி, முன்விளிம்பை நடுவில் பிடித்து, இடது வலது என்று மாற்றி மாற்றி இழுத்து வாருங்கள். ஒரே பக்கமாகப் போனால் கடைசிப் பட்டன் எட்டாது. மாட்டிய பிறகு ஓரிரு நாள் மடக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் அதே டியூப் தண்ணீர்ப் பரிசோதனையை உரிமையாளர் முன்னாலேயே செய்துகாட்டி, ஒழுகிய காரணத்தைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வண்டியை அந்தப் பில்தான் கூட்டிவரும்.

துணியை எடுத்துவிட்டுத் தகர டாப் போட்டுத்தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நிறுவனம் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியோடு வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். இனி முதலீடு. கனத்த துணி தைக்கும் மெஷினுக்குப் பணம் தேவையானால், விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில், வேலையற்ற இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் 25 விழுக்காடு மானியத்தோடு கடன் கேட்கலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள்.

ஆவணி பிறந்ததும் பழைய வாடிக்கையாளர்களை நீங்களே போனில் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு வருகிற டாப்பில் ஈரம் ஏறியிருக்கும். பசையும் பிடிக்காது, டேப்பும் நிற்காது, காயவைக்க வெயிலும் கிடைக்காது.