திருத்தருமபுரத்து ‘யாழ்மூரி’: முரி என்னும் சொல்லின் பொருள்நிலைகள்

முன்னுரை

காரைக்காலை அடுத்த தருமபுரம் சம்பந்தரின் பாடல் பெற்ற தலம். மயிலாடுதுறையை ஒட்டிய ஆதீனத் தருமபுரம் வேறு. இத்தலத்து இறைவன் யாழ்முரிநாதர். இத்தலத்திற்குரிய முதல் திருமுறையின் 136ஆம் பதிகம் ஒன்றே ‘யாழ்மூரி’ என்னும் பண்ணடைவு உடையது. யாழ் முரிந்ததனால் அமைந்த பெயர் இது என்பது பரவலான விளக்கம். அவ்விளக்கம் ‘முரி’ என்னும் சொல்லின் ஒரு பொருளை மட்டுமே சார்ந்துள்ளமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரியபுராணச் செய்தி

தருமபுரம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். பதிகத்தின் சிறப்பு யாழால் விளைந்தது என அங்கிருந்த சுற்றத்தார் கூற, யாழில் அடங்காத பதிகம் பாடியருளுமாறு சம்பந்தரைப் பாணர் வேண்டுகிறார். பாடல் யாழில் அடங்காமை கண்ட பாணர் கருவியை உடைக்க முற்படுகையில் சம்பந்தர் தடுத்துவிடுகிறார். ஆகவே சேக்கிழார் கூற்றின்படி யாழ் உடையவில்லை.

சொல்லின் பொருள்கள்

முரிதல் என்பதற்கு ஒடிதலோடு வளைதல், சிதைதல், நிலைகெடுதல் ஆகிய பொருள்களும் உண்டு. புருவம் முரிதல் என்பதில் வளைவே பொருள். குறள் 473, 899 ஆகிய இரண்டிலும் இச்சொல் ‘இடை’ என்பதோடு இணைந்து, நடுவில் கெடுதலைக் குறிக்கிறது. அவ்விடங்களில் உடையும் பொருள் எதுவுமில்லை. ‘மூரி’ என்பதோ வலிமை, பெருமை, எருது எனப் பொருள்படும். முரி என்பதன் முதனிலை நீண்ட வடிவமாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு.

இசை வழக்கு

சிலப்பதிகாரக் கானல்வரியில் ‘முரிவரி’ என்னும் பாடல்வகை இடம்பெறுகிறது. எடுத்துக்கொண்ட இயலையும் இசையையும் இடையே மாற்றிப் பாடுதல் முரி என்பது மரபுவழி விளக்கம். கானல்வரி புகார்க் கடற்கரையில் யாழோடு பாடப்பட்டது; தருமபுரமும் அதே காவிரிக் கழிமுகக் கரையைச் சார்ந்தது. வில்யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. பண்ணுக்கேற்பக் கூட்டிய நரம்புகளால், இடையில் நடை மாறும் பாடலைத் தொடர்தல் அரிது. இக்காரணத்தால், யாழில் அடங்காத பாடல் என்னும் புராணக் கூற்று இசையியல் நோக்கிலும் பொருந்துகிறது. இன்று ஓதுவார்கள் இப்பதிகத்தை அடாணா இராகத்தில் பாடுவர்.

முடிவுரை

‘யாழ்மூரி’ என்பதற்கு ‘யாழோடு இயைந்த முரி வகைப் பாடல்’ எனவும், ‘யாழின் போக்கு நடுவில் நிலைகெடச் செய்த பாடல்’ எனவும் பொருள்கொள்ளலாம். இவ்விரண்டும் இலக்கிய ஆட்சி உடையவை. சேக்கிழார் கூறும் நிகழ்வோடும் முரண்படாதவை. ஒடிதல் என்னும் பொருளை மட்டும் கொள்வது பழைய இசைக் கலைச்சொல் ஒன்றை மறைப்பதோடு, பாணரின் தோல்வியாகவும் நிகழ்வைச் சுருக்கிவிடுகிறது. பாணரோ அதன் பின்னரும் சம்பந்தரைப் பிரியாது யாழிசைத்து, நல்லூர்ப் பெருமணத்தில் அவரோடு சோதியுட் கலந்தவர். முரிந்தது கருவியன்று, கருவிக்கு வகுத்திருந்த எல்லையே எனக் கொள்வது இச்சொல்லின் ஆட்சிக்கு ஏற்புடையதாகும்.