செவ்வந்தி இலை ஏன் கருகுகிறது?

கேள்வி: 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்து வெறுமையான 5 சென்ட் கொல்லையில் ஆடி மாதம் மஞ்சள் செவ்வந்தி நட்டேன். பாய்ச்சுவது போர் தண்ணீர். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, அடியிலை ஓரம் கருகுகிறது, மொட்டும் சிறுத்துவிட்டது. யூரியாவும் பொட்டாஷும் இரண்டு முறை போட்டாயிற்று. இன்னும் எவ்வளவு போடலாம்?
– ஒரு வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: இப்போது ஒரு பிடிகூட வேண்டாம், அம்மா. முதலில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பொட்டாஷ் தரும் சாம்பல்சத்து குறைந்தாலும் அடியிலை ஓரம் கருகும். யாராவது உங்களுக்குப் பொட்டாஷ் போடச் சொல்லியிருந்தால், அதை எண்ணியே சொல்லியிருப்பார். ஆனால் உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரை ஊரில் எனக்கு முதல் சந்தேகம் உப்பின்மேல்தான். வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால் மண்ணில் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. கடையில் பொட்டாஷ் என்று விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. உப்பேறிய மண்ணில் அது மேலும் கெடுதல் செய்யும்.

கொழுந்து வெளுப்பது இரும்புச்சத்துக் குறை. கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்தபின் பத்து நாள் இடைவெளியில் இருமுறை இலைமேல் தெளியுங்கள். மொட்டு விரிந்துவிட்டால் தெளிக்காதீர்கள், இதழில் கறை படியும்.

மொட்டு வந்தபின் யூரியா போடுவது வீண். அதைவிட மோசம், தண்டு மெலிந்து, பறித்த பூ சீக்கிரம் வாடும். செவ்வந்திக்குத் தழைச்சத்து வேண்டியது இளமையில். 1958-இல் கலிபோர்னியாவில் லண்ட், கோஃப்ரானெக் என்ற இருவர் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: முதல் ஏழு வாரம் பட்டினி போட்ட செடிக்குப் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பூவின் தரம் முழுதாகத் திரும்பவில்லை.

அடுத்த ஆடிக்கு இப்படிச் செய்யுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரமும் 125:120:25 கிலோ தழை, மணி, சாம்பல் சத்துகளும் சொல்கிறது. உங்கள் 5 சென்ட்டுக்கு அது 500 கிலோ மக்கிய எரு, 15 கிலோ சூப்பர் பாஸ்பேட், 1 கிலோ பொட்டாசியம் சல்பேட், ஐந்தரைக் கிலோ யூரியா. யூரியாவில் பாதியை மட்டும் நடும்போதும், மீதியை முப்பதாம் நாளிலும் போடுங்கள். மேட்டுப்பாத்தி அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவி இறக்கும், ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் செடி அழுகும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து நாற்றுகளுக்கு விடுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் மின்கடத்துதிறன் என்ற எண்ணைப் பாருங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் எழுதுங்கள். அந்தத் தண்ணீருக்குச் செவ்வந்தியை விட்டு வேறு பயிர்தான் பார்க்க வேண்டும்.