‘பாலன்’ என்னும் சொல்: சம்பந்தர் இளமை குறித்த அகச்சான்று

இளமையில் முதிர்ந்த புலமை காட்டுவோரைக் கண்டு எழும் வியப்பு யாருடையது என்பது ஆராயத்தக்கது. சேக்கிழார், திருஞானசம்பந்தரை மூன்றாம் அகவையில் சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டு பாடிய பிள்ளையாகக் காட்டுகிறார். அக்காட்சியில் இளமையே வியப்பின் ஊற்று. ஆனால் அப்போது பாடப்பெற்றதாகக் கொள்ளப்படும் முதற்பதிகத்தின் திருக்கடைக்காப்பு, பாடியவர் அகவையைச் சுட்டவில்லை. ஒருமித்த மனத்தோடு உணர்ந்தமையையே கூறுகிறது. கழுமலப் பதிகமொன்று பொற்கிண்ண நிகழ்வைக் குறிப்பதால், காப்பியச் செய்தியைப் பிற்காலப் புனைவென முற்றும் ஒதுக்குதலும் பொருந்தாது.

மூன்றாம் திருமுறையின் ஆலவாய்ப் பதிகம் இவற்றினும் நுட்பமானது. சமணரை எதிர்கொள்ளும் சூழலில் பாண்டிமாதேவியை விளித்து, தம்மைச் சிறுவனெனக் கருதி இரங்க வேண்டா என்கிறார் சம்பந்தர். ஆலவாய் அரன் துணைநிற்பதால் எதிரிகளுக்குத் தாம் எளியரல்லர் என்பதே அவர் தரும் காரணம். ‘பாலன்’ என்னும் சொல் இங்குப் பெருமிதம் பற்றி எழவில்லை. அரசியின் அச்சத்திலிருந்து எழுகிறது. அதை எடுத்தாள்வதும் மறுப்பதற்காகவே. (உரைகள் பெரும்பாலும் அரசியின் பரிவையே விரித்துரைக்கின்றன, மறுப்பின் அழுத்தம் போதிய கவனம் பெறவில்லை.) மரபோ ‘ஆளுடைய பிள்ளையார்’ என்றே அவரை வழங்கிற்று, 16ஆம் அகவையில் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியுட் புகுந்தவராகப் போற்றும்போதும் அவர் பிள்ளையாரே.