பொறிகள் பேசக் கற்ற வரலாறு

ஆசிரியர் இல்லாத வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஒருங்கே பேசுவர். ஒருவர் சொல்லும் மற்றவர் செவியில் ஏறாது. ஆசிரியர் வந்து, "ஒவ்வொருவராகப் பேசுங்கள்" என்றதும் அமைதி பிறக்கும். அவ்வாறு அடக்குவார் எவருமின்றியே பலர் ஒழுங்காக உரையாடுதல் இயலுமா? கணிப்பொறிகளைக் குறித்து இவ்வினாவை எழுப்பி, இயலும் என்று விடை கண்ட அறிஞர் சிலரின் வரலாறு இது.

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி ஓவாகு என்னும் தீவில் இருந்தது; கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைக்கப் பேராசிரியர் நார்மன் ஆபிரகாம்சன் தொலைபேசிக் கம்பியை விடுத்து வானொலி அலையை நாடினார். அவர்தம் குழுவினர் அமைத்த 'அலோகா' வலை 1971ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் விதி மிக எளியது. செய்தி உடையவர் எவரிடமும் இசைவு கேளாமல் அனுப்பிவிடலாம். அது பழுதின்றி வந்து சேர்ந்தால், நடு நிலையம் 'பெற்றேன்' என விடை தரும். விடை வாராதாயின், தம் செய்தி பிறர் செய்தியோடு மோதி அழிந்தது எனக் கொண்டு, சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புதல் வேண்டும்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? இங்கேதான் நுட்பம் உளது. குறுகிய வாயிலில் எதிரெதிரே வந்த இருவர், ஒருவருக்கொருவர் வழிவிட எண்ணி ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் மீண்டும் அடியெடுத்து வைத்தால் என்னாகும்? மறுபடியும் முட்டிக்கொள்வர். ஆதலின், ஒவ்வொரு பொறியும் திருவுளச்சீட்டு எடுத்தாற்போலத் தற்செயலாய் அமைந்த ஒரு கால அளவு காத்திருக்கும். மோதியவை இவ்வாறு பிரிந்துவிடும். ஆயினும், இம்முறையில் அலைவரிசையின் ஆற்றலில் 100க்கு 18 பங்கே பயன்படும் என்பது கணக்கால் தெளிந்தது.

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ராபர்ட் மெட்காஃப். அவருடைய ஆய்வேட்டை 1972இல் தேர்வாளர்கள் ஏற்க மறுத்தனர். அந்நிலையில் ஆபிரகாம்சனின் கட்டுரை அவர் கைக்கு எட்டியது. அதன் கணக்கில் ஒரு குறையை அவர் கண்டார். விடை வாராத போதும் மாந்தர் இடையறாது தட்டச்சுச் செய்துகொண்டே இருப்பர் என அது கொண்டிருந்தது. எவர் அங்ஙனம் செய்வார்? அக்குறையை நீக்கி ஆராய்ந்து, ஆய்வேட்டைத் திருத்திப் பட்டம் பெற்றார்.

அப்போது அவர் பணிபுரிந்த இடம் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வுக்கூடம். ஒரே கட்டடத்தில் உள்ள பல சிறு கணிப்பொறிகளை அச்சுப்பொறியோடு இணைப்பது அவருக்குக் கிடைத்த வேலை. 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் 'ஈதர்நெட்' என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் நுண்பொருள் வெளியெங்கும் நிறைந்துள்ளது என முற்கால அறிஞர் நம்பினர். பின்னர் அப்படியொரு பொருள் இல்லை என்றாயிற்று. இல்லாப் பொருளின் பெயர் உள்ள பொருளுக்கு வந்து வாய்த்த இவ்விந்தை, சொல்லாராய்ச்சியில் காலங்கழித்த எனக்குப் பெரிதும் இனிக்கின்றது.

மெட்காஃபும் டேவிட் பாக்சும் அலோகா விதியில் இரண்டு நற்பழக்கங்களைச் சேர்த்தனர். பேசுமுன் கம்பியில் பிறர் பேசுகின்றனரா என்று செவிகொடுத்தல் ஒன்று. பேசும்போதும் கேட்டு, மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்துதல் மற்றொன்று. மீண்டும் மீண்டும் மோதினால் காத்திருக்கும் காலமும் நீளும். இவ்வாறு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பியில் 100 பொறிகள் தலைவன் இன்றியே உரையாடின. நொடிக்கு 29 இலட்சத்து 40 ஆயிரம் குறிகள் அதில் ஓடின. இந்நாளில் கம்பி வலைகளில் ஒவ்வொரு பொறிக்கும் தனிவழி உண்டாதலால் மோதல் அரிதாயிற்று. ஆயினும், கம்பியில்லா வைஃபை இன்றும் செவிகொடுத்துக் காத்திருந்தே பேசுகின்றது.

ஒரு வீட்டார் தம்முள் பேசிக்கொண்டால் போதுமா? 1969இல் தோன்றிய ஆர்ப்பாநெட், வானொலி வலை, செயற்கைக்கோள் வலை ஆகியவை தனித்தனி விதிகளை உடையன. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு மே மாதம் இதற்கொரு வழி கூறினர். எந்த வலையும் தன் இயல்பை மாற்ற வேண்டுவதில்லை. இரு வலைகள் கூடுமிடத்தில் ஒரு வாயிற்பொறி நின்றால் போதும். அது மடலைப் பிரித்துப் படியாது. மேலுறையின் முகவரியை மட்டும் நோக்கி, அடுத்த வலைக்கேற்ற உறையிலிட்டு அனுப்பும். வழியில் மடல் தொலைந்தால்? வலை பொறுப்பேலாது, அனுப்பியவனே மீண்டும் அனுப்பல் வேண்டும். பிரான்சு நாட்டில் லூயி பூசான் அமைத்த வலையிலும் இக்கொள்கை உண்டு. தபால் நிலையமே கைவிரிப்பது போன்ற இக்கருத்தைத் தொலைபேசித் துறையினர் பலர் விரும்பவில்லை.

1977ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் சோதனை நடந்தது. சான்பிரான்சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு வண்டியிலிருந்து வானொலி வழியே செய்தி புறப்பட்டது. ஆர்ப்பாநெட்டில் ஏறி, செயற்கைக்கோள் வழியே அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஐரோப்பா சென்று, மீண்டு லாஸ் ஏஞ்சல்சை அடைந்தது. நேர்வழியில் சில நூறு கிலோமீட்டரே உள்ள தொலைவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் சுற்றியது. ஒரு குறியும் தொலையவில்லை என்று செர்ஃப் பின்னாளில் கூறினார். ஆர்ப்பாநெட் 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தன் பழைய விதியைக் கைவிட்டு, அவ்விருவர் வகுத்த விதிக்கு மாறியது.