வேங்கடத்திற்கு மீண்ட வேழம்

எங்கள் ஊர் வெதுருகுப்பம், சித்தூர் மாவட்டத்தது. 'வெதுரு' என்னும் தெலுங்குச் சொல்லுக்கு மூங்கில் என்பது பொருள். மூங்கில் யானைக்கு விருப்பமான உணவு என்று பள்ளி நாளிலேயே படித்திருந்தேன். ஆயினும் காட்டு யானையை நான் கண்டதில்லை. யானை கோயிலில் நிற்பது; புலவர் பாட்டில் உலவுவது; அவ்வளவே என் எண்ணம். அவ்வெண்ணம் பலமனேர்ப் பக்கத்தில் உள்ள என் தாய்மாமன் ஊரில் ஒரே இரவில் மாறிற்று. அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

பாட்டில் கண்ட யானை

சங்க காலத்து வேங்கடம் யானைகள் வாழ்ந்த நாடு. அகநானூற்றின் 83-ஆம் பாட்டில் கல்லாடனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தாய்ப்பிடி காட்டில் கதறிக்கொண்டிருக்க, அதன் கன்றைப் பிரித்துக் கொணர்ந்து, கள் விற்கும் வீட்டு வாயிலில் கட்டுகின்றனர் இளைஞர் சிலர். அவர்தம் தலைவன் புல்லி. அவனது மலை வேங்கடம். மனிதனுக்கும் யானைக்கும் உள்ள வழக்கு இன்று பிறந்ததன்று என்பதற்கு இப்பாட்டே சான்று.

பிற்காலத்தில் காடு குறைந்தது, யானையும் மறைந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இப்பகுதியில் காட்டு யானை இல்லை என்பர்.

மீண்டு வந்த வகை

1980-களின் தொடக்கத்தில் ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் குப்பம், பலமனேர்ப் பகுதிகளுக்கு வரத் தொடங்கின. அங்குக் காடு துண்டுபட்டதும், வறட்சியும் இதற்குக் காரணங்கள் என ஆராய்ந்தோர் கூறுவர். 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர். பின்னர்ச் சில யானைகள் சேஷாசலம் மலைவரை சென்றன. புல்லியின் வேங்கடத்திற்கு வேழம் மீண்டுவிட்டது!

ஆனால் மீண்டு வந்த யானை கண்டது பழைய காட்டையா? கரும்பும் நெல்லும் மாந்தோப்பும் காட்டின் விளிம்புவரை வந்துவிட்டன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். வறண்ட காட்டில் நாளெல்லாம் அலைந்து தேடும் உணவு, வயலில் ஒரு நாழிகையில் கிடைக்கிறது. அதன்மேல் குற்றம் காண இயலுமா?

இயலும் என்றே அன்று நான் எண்ணினேன். மாமா ஓர் ஏக்கரில் கரும்பு வைத்திருந்தார். இரவில் தகர டப்பாக்களின் ஓசை கேட்டு எழுந்தோம். இருளில் கரும்பு முறியும் ஒலி மட்டுமே கேட்டது. விடிந்தபின் பார்த்தால், பாதிக் கரும்பு தரையோடு தரையாகக் கிடந்தது, நீர்க்குழாயும் நொறுங்கியிருந்தது. கடன் வாங்கி வைத்த பயிர். அத்தை வரப்பில் அமர்ந்தவர் எழவேயில்லை.

அப்பொழுது பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். "கம்பியிலே கரண்ட் குடுத்துடு, மச்சான். ஒரே ராத்திரியிலே தொல்லை தீந்துடும்" என்றார்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யானை மட்டுமா இந்த வழியா வரும்? விடியக்காலையிலே மாட்டை ஓட்டிக்கிட்டு உன் பையனும்தானே வர்றான்?" என்றார்.

வந்தவர் தலைகுனிந்து நின்றார். நானும் தலைகுனிந்தேன். என் மனமும் அந்தக் கம்பியின் பக்கமே நின்றிருந்தது!

வேலியா, விழிப்பா?

கள்ளத்தனமாக இழுக்கும் மின்கம்பி யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சூரிய ஒளி மின்வேலி வேறு; அஃது அதிர்ச்சி தருமேயன்றி உயிரை வாங்காது. அகழியும் வெட்டுகின்றனர். ஆனால் மழையில் அகழி தூர்ந்துபோகிறது. யானையோ மரத்தை வேலிமேல் சாய்த்து வழி செய்துகொள்கிறது. பேணுவார் இல்லாத வேலி, வேலியே அன்று.

அப்படியானால் வழி என்ன? வால்பாறையைக் காண்க. அங்குத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே யானைகள் நடமாடுகின்றன. உயிரிழந்தோரில் பெரும்பாலோர், அருகில் யானை நிற்பதை அறியாமலே அதன் எதிரில் சென்றவர்கள் என்று ஆய்வாளர் கண்டனர். ஆகவே யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாலும், தொலைவிலிருந்தே தெரியும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கலாயினர். உயிரிழப்புக் குறைந்தது. யானையை விரட்டியதால் அன்று. அதன் இருப்பிடத்தை அறிந்ததால்!

சித்தூர்ப் பகுதியிலும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2025 மே மாதம் கர்நாடக அரசு பயிற்சி பெற்ற கும்கி யானைகளை ஆந்திர அரசுக்கு வழங்கியது. ஆனால் கும்கி எல்லா வயலுக்கும் காவல் நிற்க இயலாது. 2023 ஜூனில் பலமனேர் அருகே நெடுஞ்சாலையில் வண்டி மோதி மூன்று யானைகள் மடிந்தன. 'முன்னே யானை' என்று அந்த வண்டிக்கு முன்னரே தெரிந்திருந்தால்?

பண்டைக் குறிஞ்சி மக்கள் தினைப்புனத்தில் பரண் கட்டி விழித்திருந்தனர். அந்த விழிப்பே இன்றும் வேண்டுவது. பரணுக்குத் துணையாகக் கைப்பேசியும் விளக்கும் வந்துள்ளன. ஆனால் விழித்திருக்கும் உழவனே இழப்பு முழுவதையும் சுமப்பது அறமாகுமா? பயிர் அழிந்தால் உரிய ஈடு காலத்தில் கிடைக்க வேண்டும். இல்லையேல் அடுத்த முறை மாமாவின் மறுப்பும் தளரக்கூடும்.

தோழர்களே! நம்முள் காட்டோர ஊர்களிலிருந்து வந்தவர் பலர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, யானை வரும் வழி எது, வரும் காலம் எது என்று முதியோரிடம் கேட்டு எழுதி வாருங்கள். மாமாவின் ஊரில் இளைஞர் சிலர் அவ்வாறே குறித்து, மாலைதோறும் ஒருவருக்கொருவர் கைப்பேசியில் சொல்கின்றனர். மாமா மறுபடியும் கரும்பு வைத்திருக்கிறார். அந்தக் கம்பி இன்றும் சுருள் பிரியாமல் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. அஃது அங்கேயே துருப்பிடிக்கட்டும்!