வீட்டுக் கணிப்பொறியும் அலுவலகக் கணிப்பொறியும்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. பெங்களூர் கெம்பெகௌடா விமான நிலையத்தில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் முதலிய கம்பெனிகளின் பிரயாணிகள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். அவர்களைப் பதிவு செய்யும் கணிப்பொறி முறை செயலற்றுவிட்டது. நாட்டின் வேறு சில விமான நிலையங்களில் ஊழியர்கள் விமானம் ஏறுவதற்குரிய சீட்டுகளைக் கையாலேயே எழுதிக் கொடுத்தனர். அதே வேளையில் பெங்களூர் வீடுகளிலிருந்த கணிப்பொறிகள் வழக்கம்போல் இயங்கின. இவ்வேற்றுமை ஏன் நேர்ந்தது?

வீட்டில் ஒருவருக்கு ஒரு பொறி. அது பழுதுற்றால் இடர்ப்படுபவர் அவரே. மறுநாள் செப்பனிட்டுக் கொள்வார். விலை, வேகம், திரையின் தெளிவு ஆகியவற்றையே அவர் நாடுவார். வாணிப நிலையத்தின் தேவை வேறு. அங்கே பொறிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எவர் எத்தகவலைக் காணலாம், அதை மாற்றியவர் எவர் என்பனவற்றிற்குப் பதிவு வேண்டும். யாவற்றையும் ஓரிடத்திலிருந்தே காவல் செய்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, வேலை நிற்றலாகாது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி இத்தகைய நிறுவனங்களுக்கென்றே காவல் மென்பொருள் விற்கிறது. வீடுகளில் அதனைக் காண்பது அரிது.

அன்று இந்திய நேரம் காலை 9-39 மணிக்கு அக்கம்பெனி அனுப்பிய புதுப்பிப்புக் கோப்பு ஒன்றில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது திருத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் அக்கோப்பினைப் பெற்ற விண்டோஸ் பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி அவை 85 லட்சம். உலகிலுள்ள விண்டோஸ் பொறிகளில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஆனால் அவை விமானக் கம்பெனிகளிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்தவை. அந்நேரத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்த பொறிகள் தப்பின; இரவும் பகலும் விழித்திருக்க வேண்டிய பொறிக்கு அந்த நல்வாய்ப்பு ஏது?

கெடுத்தது ஒரே ஆணை. செப்பனிட்டதோ பெரும்பாலும் ஒவ்வொரு பொறியாக, கையினால். ஊழியர் பொறியின் முன் அமர்ந்து, அதனைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அக்கோப்பினை நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்கத் திறவெண்ணும் தேவைப்பட்டது. அத்திறவெண்களைச் சேமித்து வைத்த பொறியே நின்றுவிட்டால் என் செய்வது!

ஓரிடத்துக் காவலே நிறுவனத்திற்கு வலிமை. ஓரிடத்துப் பிழை யாவரையும் தாக்குவதற்கு வழியும் அதுவே. ஆதலின், புதுப்பிப்பை முதலில் சில பொறிகளில் இட்டுப் பார்த்துப் பின்னர் ஏனையவற்றிற்கு அனுப்புதல் வேண்டும். அந்நிகழ்ச்சிக்குப் பின் அக்கம்பெனியும் இப்படிப்படியான முறையை மேற்கொண்டது.

நம் கிளை அலுவலகங்கள் பலவற்றில் அலுவலகப் பொறியை வீட்டுப் பொறிபோலவே நடத்துகின்றனர்: நால்வருக்கு ஒரே கடவுச்சொல், தகவல்களின் நகலும் அதே மேசை இழுப்பறையில். ஆசிரியர்கள் தம் பள்ளி அலுவலகத்தையே பாடமாகக் கொள்ளலாம். காலை 10 மணிக்குப் பொறி நின்றால் எவ்வேலை உடனே நிற்கும், எது மாலைவரை பொறுக்கும், எதனைத் தாளில் எழுதிச் சமாளிக்கலாம் என மாணவர்களைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதச் செய்க.